இரண்டாயிரம் வோல்ட் ரசிகர்

பெருவால்வுப் பிரியர் என்று ஓர் இனம் இருக்கிறது. வெளியில் பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். சட்டைக்கு இஸ்திரி போடுவார்கள், வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்குள் போனால்தான் வண்டவாளம் தெரியும்.

உள்ளங்கைப் பெட்டி பாடுகிற அதே பாட்டைக் கேட்க, ஏதோ வானொலி நிலையத்தில் கழற்றிப் போட்ட பூசணிக்காய் பருமன் கண்ணாடி வால்வு நாலு வாங்கி, அதற்குத் தீனி போட இரண்டாயிரம் வோல்ட்டுக்கு ஏற்பாடு பண்ணி, பீரோ அளவுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டி, அது கக்குகிற சூட்டுக்கு இரண்டு ஃபேன் மாட்டி, ஃபேன் சத்தத்தில் பாட்டு கெடுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து "ஆகா!" என்பார்கள். அந்த ஒரு ஆகாவுக்கு ஆகிற கரண்டில் நான் ஒரு லேத்துப் பட்டறையே ஓட்டிவிடுவேன்.

என் சம்பந்தி இந்த இனம். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நான் அஞ்சாங்கிளாஸ், மோட்டாருக்குக் காயில் சுற்றியே மூன்று மாடி எழுப்பியவன். என் மகனுக்குப் பெண் கொடுக்கும்போது என் படிப்பைக் கேட்டு முகம் சுளித்தவர், டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்றதும் யாரிடம் வந்தார்? இருபத்தெட்டு கிலோவில் சுற்றிக் கொடுத்தேன். அப்படி ஒன்று சுற்ற இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும்.

அவர் வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் வராது.

"உக்காருங்க சம்பந்தி, இன்னும் சூடாகல."

இருபது நிமிஷம். பிறகு வால்வு தகதகவென்று எரியும், உள்ளே ஒரு நீலம் மிதக்கும். பொய் சொல்வானேன், எனக்கே வாய் பிளந்துவிட்டது.

போன மாதம் அதில் மெல்லிய இரைச்சல். நமக்குக் கேட்காது, அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"பாருங்க, கரண்டே இல்ல. இப்ப இது வெறும் பீரோ."

"கைய வெக்காதீங்க சம்பந்தி! கண்டன்சர் கரண்டப் பிடிச்சு வெச்சிருக்கும். ஆளையே கொன்னுடும்."

"அதைக் காலி பண்ண ரெசிஸ்டர் போட்டிருக்கேன். ஒரு நிமிஷம் போதும். கணக்கு யாருக்குச் சொல்றீங்க?"

"ரெசிஸ்டர் செத்துப்போயிருந்தா?"

"என் ரெசிஸ்டர் சாகாது."

கை உள்ளே போனது. பளாரென்று ஒன்று வைத்தேன், மணிக்கட்டில். பெண் கொடுத்த சம்பந்தியை, அவர் வீட்டிலேயே! முகம் ரத்தமாய்ச் சிவந்து அவர் வாயைத் திறப்பதற்குள், ஒரு ஒயரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, மறுமுனையை நீளக் கட்டையில் கட்டி, கண்டன்சரைத் தொட்டேன்.

டமார்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். உள்ளே பார்த்தால், அந்தச் சாகாவரம் பெற்ற ரெசிஸ்டர் எப்போதோ இரண்டாய் வெடித்துக் கிடந்தது.

சம்பந்தி தன் பத்து விரலையும் எண்ணினார். சரிபார்க்க இன்னொரு தரம் எண்ணினார். பிறகு என் கையைப் பிடித்து, குரல் தழுதழுக்க,

"சம்பந்தி... அந்த டமார்ல பாஸ் சத்தம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு, கவனிச்சீங்களா?"

சம்பந்தியம்மா கரண்டியை ஓங்கினார். நான் தடுக்கவில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? இவ்வளவு தூரம் படித்தீர்களே, அது என்ன பாட்டுப் பாடியது என்று ஒரு தரமாவது கேட்கத் தோன்றியதா? எத்தனை வோல்ட், எத்தனை கிலோ என்றுதானே மனசு ஓடியது? எதற்கும் பிளக்கைப் பிடுங்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உங்களை அடிக்க நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.