முதுகுக்கு மூன்று பேர்

படுக்கையறைத் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் பஸ் டிரைவர். அந்த நேரம் பார்த்தா அக்கா வந்து நிற்க வேண்டும்?

"என்னடா தரையில?"

"சட்டை பட்டன்க்கா. எங்கயோ விழுந்துடுச்சு."

"கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

தவழ்ந்து போய்ப் பார்த்தார்.

"அந்தப் பக்கம்? பீரோவுக்குப் பின்னாடி?"

இல்லாத பட்டனைக் கால் மணி நேரம் தேடிவிட்டு, மூச்சு வாங்க எழுந்து நின்றார். "சரி, கிளம்பு. நடக்கப் போகலாம்" என்றாள் அக்கா.

பத்தொன்பது வருடம் ஸ்டியரிங் பிடித்ததற்கு அவருக்குக் கிடைத்த பரிசு இடுப்பு வலி. அதற்கே நாலு வயதாகிவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் டிப்போவில் உடல் தகுதிச் சோதனை. தேறாவிட்டால் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ரப்பர் ஸ்டாம்ப் குத்தச் சொல்லிவிடுவார்கள். பிசியோதெரபி கிளினிக்குக்குப் போயும் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த நீளப் பட்டியலில் முதல் பயிற்சியை மட்டும் இரண்டு நாள் செய்தார், மீதியைப் படிக்கவே இல்லை. மூன்றாவது நாள் மறந்துபோனது, நாலாவது நாள் மறந்ததே மறந்துபோனது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் மூன்று கட்சிகள் முளைத்தன. மனைவி கட்சி, தரையில் படுத்துக் கைகாலை நீட்டி மடக்குவது. மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்காவின் கட்சி நடை. ஜிம்மே கதி என்று கிடக்கும் மச்சினன், மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு இரும்பு டம்பெல்லைக் கொண்டுவந்து இறக்கினான்.

"தசை பலமானாதான் மாமா வலி அடங்கும். இது கூட வேற எதையும் கலக்காதீங்க. கலந்தா நான் பொறுப்பில்ல."

மனைவியும் அதையேதான் சொன்னாள். அக்கா தலையில் அடித்துச் சத்தியமே வாங்கிவிட்டாள். யாரைப் பகைத்துக்கொள்வது? எது கேட்கும் என்று யார் கண்டது? டிரைவர் யோசித்தார். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் சொன்னது என்று மூன்றையும் செய்து பார்த்துவிட முடிவெடுத்தார். வீட்டில் அவரைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

நீட்டி மடக்கினால் ஒரு மணி நேரம் இதமாக இருந்தது. நடந்தால் மத்தியானம் வரை தேவலை. இரும்பைத் தூக்கிய அன்று உயிர் போனது, ஆனால் மறுநாள் ஏதோ கொஞ்சம் நிமிர முடிந்தது. எதற்கு எத்தனை மார்க் போடுவது என்று விளங்கவில்லை.

இரண்டாவது வாரம், செருப்பு அலமாரியில் ஒளித்து வைத்திருந்த டம்பெல் மனைவி கண்ணில் பட்டுவிட்டது.

"என்னங்க இது?"

"பஸ்ல யாரோ விட்டுட்டுப் போய்ட்டாங்க."

"அடப் பாவமே. தேடிட்டு இருப்பாங்களே. டிப்போல குடுத்துடுங்க. நடந்தே போங்க, பஸ்ல போனா நீங்களும் மறந்து வச்சிட்டு வந்துடுவீங்க."

சாயங்காலம் அதே இரும்போடு திரும்பி வந்தார். "ஆள் வரலையாம். நம்மளயே வச்சிருக்கச் சொல்லிட்டாங்க."

"அப்ப நாளைக்கும் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க."

இப்படி அந்த இரும்பு தினமும் டிப்போவுக்குப் போய் வந்தது, அவர் தோளில். ஒருநாள் வழியில் மச்சினன் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நடைப்பயிற்சியா?"

"சேச்சே. பஸ்ஸைப் பிடிக்கப் போறேன்."

"அதோ வந்துட்டுது பாருங்க. ஓடுங்க."

மச்சினன் பார்த்துக்கொண்டே நின்றதால் ஓட வேண்டியதாயிற்று. ஊர் ஜனம் தன் பஸ்ஸுக்காக ஓடிவந்து பார்த்தவர், முதல்முறையாகத் தானே ஒரு பஸ்ஸுக்காக ஓடினார்.

சோதனை நாள் வந்தது. குனியச் சொன்னார்கள், குனிந்தார். காலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். மணல் மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது, வலிக்கவில்லை. "தகுதி இருக்கு. அடுத்த ஆள்" என்றார் அதிகாரி.

வெளியே வந்து தன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். நாலு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்ததே இல்லை. கண் கலங்கியது.

கூடவே மனசும் உறுத்தியது. டியூட்டி முடிந்ததும் நேராக கிளினிக்குக்குப் போனார். டாக்டர் உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண்ணிடமே கொட்டிவிட்டார்.

"வலி போயிடுச்சும்மா. ஆனா வீட்ல மூணு பேரையும் ஏமாத்திட்டேன். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் சொன்னதைச் செஞ்சேன். இப்ப எதுல சரியாச்சுன்னே தெரியல. யாருக்குன்னு நன்றி சொல்ல?"

அந்தப் பெண் அவருடைய ஃபைலைத் தேடி எடுத்துப் பிரித்தாள்.

"மூணுமே டாக்டர் உங்களுக்கு எழுதிக் குடுத்ததுதான் சார். 'மொத்தமா சொன்னா செய்ய மாட்டார், ஆளுக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டு மத்ததைத் தொடாதேன்னு மிரட்டுங்க, மூணையும் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஒழுங்கா செஞ்சுடுவார்'னு இங்க உக்காந்துதான் உங்க வீட்டம்மா மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தாங்க."