நூற்றிருபது வோல்ட் மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. என் இரண்டு பாதங்கள் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும், என் மகள் நலமும், உங்கள் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தின் நலமும் அறிய ஆவல். ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதல்லவா?

நீங்கள் அனுப்பிய பார்சல் போன வாரம் வந்தது. மாவு பிசையும் மிஷின் உங்கள் அத்தைக்கு, கால் அமுக்கிவிடும் மிஷின் எனக்கு. அத்தையின் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இனிமேல் கையால் மாவைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு அவள் தினமும் நூற்றைம்பது பன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக ஒற்றை ஆளாக நடத்திய தொழில், இரண்டு வாரமாக நின்றுகிடக்கிறது. “திங்கக்கிழமையிலேர்ந்து வரலைன்னா வேற ஆளைப் பார்க்கணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று கேன்டீன்காரர் நேரில் வந்தே சொல்லிவிட்டுப் போனார். இந்த நேரத்தில்தான் உங்கள் பெட்டி வந்தது. அந்த மிஷினைத் துடைத்துத் துடைத்து அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

உங்கள் ஊர் ப்ளக்கின் கால்கள் தட்டை. எங்கள் சுவரில் துளைகள் உருண்டை. கடையில் கேட்டதும், “இதை மாட்டிட்டா உலகத்துல எந்த நாட்டு மிஷினும் ஓடும் சார்” என்று ஒரு மாற்று ப்ளக்கைக் கொடுத்தார்கள். நான் ஏமாறவில்லை. மிஷினைக் கவிழ்த்துப் படித்தேன். நூற்றிருபது வோல்ட் என்று இருந்தது. எங்களுக்கு வருவது இருநூற்று முப்பது. பத்தாம் வகுப்பில் நான் சொல்லும் உதாரணத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டி இருக்கும் உயரம். உங்கள் தொட்டி முதல் மாடியில் இருக்கிறது, எங்களுடையது இரண்டாவது மாடியில். முதல் மாடிக்கென்று செய்த குழாயை இங்கே மாட்டினால் தண்ணீர் வராது, குழாய்தான் கையோடு வரும். இது பத்தாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிறது. நாடு நாடாகப் பறந்து துணை மின்நிலையம் கட்டிக்கொடுக்கும் எலெக்ட்ரிகல் இன்ஜினியருக்குப் புரியாமல் போனதுதான் எனக்குப் புரியவில்லை.

உங்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. வாரத்துக்கு ஏழு நாள் என்பதில் உலகமே ஒத்துப்போயிருக்கிறது. சுவர் ஓட்டையில் எத்தனை வோல்ட் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. உங்களுக்கு நூற்றிருபது, எங்களுக்கு இருநூற்று முப்பது, இன்னொரு நாட்டில் வெறும் நூறாம். இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் வீட்டிலேயே துணி உலர்த்தும் மிஷினுக்கு மட்டும் இருநூற்று நாற்பது வருகிறது என்று மகள் சொன்னாள். உங்கள் சட்டைகளுக்கு எங்கள் ஊர் வோல்ட் ஒத்துக்கொள்கிறது. நீங்கள் மட்டும் இங்கே வருவதற்கு நான்கு வருடமாக யோசிக்கிறீர்கள்.

நான் யோசிக்கவில்லை, கணக்குப் போட்டேன். நூற்றிருபது வோல்ட் மிஷின்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் ஆளுக்குப் பாதி, நூற்றுப் பதினைந்து. முப்பத்திரண்டு வருடம் இதையே இரண்டு பல்புகளை வைத்துச் செய்துகாட்டியிருக்கிறேன். “வேற வேற பல்பா இருந்தா என்ன ஆகும் சார்?” என்று ஒருவன் கேட்டதும், “பாடத்துல இருக்கறதைக் கேளு” என்று நான் அவனை உட்காரவைத்ததும் நினைவுக்கு வந்தன. ஆனால் அவை நினைவுக்கு வந்தது ஸ்விட்சைப் போட்ட பிறகு. மாவு மிஷின் அறுநூறு வாட், கால் மிஷின் அறுபது. எளியவன் தலையில்தான் பாரம் முழுவதும் விழும் என்பது மின்சாரத்திலும் அப்படியே. இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டைக் கால் மிஷினே வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த இருபத்தொன்றில் மாவு மிஷின் லேசாக முனகியது. பரிசோதனை முழுமையாக இருக்கட்டுமே என்று என் கால்களை உள்ளே வைத்திருந்தேன். அவற்றை அது அமுக்கவில்லை, துவைத்தது. “ஏங்க, புகை வருது!” என்று அத்தை கத்தினாள். “கால் வரமாட்டேங்குது!” என்று நான் கத்தினேன். அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். கால் மிஷின் அங்கேயே உயிரை விட்டது.

எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனுக்கு டெஸ்டர் என்றே பெயர். அவரைக் கூப்பிட்டேன். கீழே மரக்கடையில் த்ரீ ஃபேஸ் இருக்கிறதே, அதிலிருந்து ஏதாவது வழி செய்யலாமா என்று கேட்டேன்.

“எடுக்கலாம் சார். ஆனா எந்த ஃபேஸை எடுத்தாலும் இருநூத்தி முப்பதுதான். உங்க வீட்டுக்கு வர்றதும் அந்த மூணுல ஒண்ணுதான்.”

“ரெண்டை எடுத்தா நானூத்தி அறுபதா?”

“நானூறு. மூணும் ஒண்ணா ஏறி இறங்காது சார். ஒண்ணு உச்சிக்குப் போறப்ப மத்தது பாதி வழியில நிக்கும். நீங்க வாத்தியார்தானே?”

“நானூறை மூணால வகுத்தா நூத்தி முப்பத்திமூணு வருதே?”

“பேப்பர்ல வரும். வயர்ல வராது.”

“அப்ப நூத்தி இருபது எங்கதான்யா கிடைக்கும்?”

“ஏர்போர்ட் பஸ்ல ஏறுங்க சார்” என்றார் அவர். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். இருநூற்று முப்பதை உள்ளே வாங்கி நூற்றிருபதாக இறக்கித் தர ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அறுநூறு வாட் தாங்குவதை வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. அவள் அடுப்படியில் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மாவுப் பாத்திரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மிஷினைப் பெட்டியில் வைத்தவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைக்கத் தோன்றவில்லையே மாப்பிள்ளை! பெண்ணைக் கொடுத்த இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பார்கள். அதனால் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

மகளிடம் என் அன்பைச் சொல்லவும். நீங்கள் இருவரும் எந்த நாட்டுச் சுவரில் செருகினாலும் புகையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். “மாடிக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கீங்களே ஒரு இரும்புப் பெட்டி, அது ஏதுங்க?” என்று அத்தை கேட்டாள். “பார்சல் ஆடாம இருக்க அடியில வெச்சிருந்த வெயிட்” என்றேன். அவள் குனிந்து படித்தாள். உள்ளே 230, வெளியே 120. அதன் மேல் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது: “மாமா, முதலில் இதை மாட்டவும்.”

இருபத்தொரு வோல்ட்டில் முனகியதோடு நின்றுவிட்டதால் மாவு மிஷினுக்கு ஒரு சேதமும் இல்லை. இப்போது அருமையாக ஓடுகிறது. கேன்டீன்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். உங்கள் அத்தை விடவில்லை. “ஒரு வரி விடாம அனுப்புங்க. மீட்டிங்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டட்டும்” என்றாள். பசை கடைசிவரை கிடைக்கவில்லை. புது மாவில் ஒரு சிட்டிகை எடுத்து அவளே உறையை ஒட்டப்போகிறாள்.