தூள் சாமியின் ஒரு கிலோ அருள்

தீவனக் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் காலை ஏழு மணிக்கே நிற்க இடமில்லை. வேனில் வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், பின்சீட்டில் கோழிக்கூண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் என எல்லோரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். கறிக்கோழி வளர்ப்பவர்களைக் கடைத்தேற்ற ஒரு மகான் வந்திருந்தார். மனிதர்களைக் கடைத்தேற்றும் மகான்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. கோழியைக் கடைத்தேற்ற வந்தவர் இவர் ஒருவர்தான்.

பெயர் தூள் சாமி. அவர் கொடுக்கும் அருள்தூளை, ஐந்து பங்கு தீவனத்துக்கு ஒரு பங்கு என்று கலந்துவிட்டால் போதும். தவிடு வேண்டாம், புண்ணாக்கு வேண்டாம். "அதெல்லாம் ஆலைக்காரன் கழிச்சுப் போட்ட குப்பை. என் பிள்ளைகள் குப்பையைத் தின்னலாமா?" என்று கேட்பார். பிள்ளைகள் என்று அவர் சொன்னது கோழிகளை. ஆறு வாரத்தில் கறிக்கடைக்குப் போகும் பிள்ளைகள்.

வெறும் பேச்சை மட்டும் நம்ப ஜனங்கள் என்ன முட்டாள்களா? சாமி கண்ணெதிரே நிரூபித்துக் காட்டினார். வாரம் ஒருமுறை ஒரு பக்தர் பத்துக் கோழிகளைக் கொண்டுவர வேண்டும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவற்றுக்குத் தீனியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதற்கு விரதம் என்று பெயர். காலையில் எல்லோர் முன்னிலையிலும் எடை போடுவார்கள். பிறகு சாமி கண்ணை மூடி முணுமுணுத்துத் தீனியில் தூளைத் தூவுவார். பத்தும் தின்னும், குடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடை போட்டால், பத்துக்கும் சேர்த்து ஒரு கிலோ கூடியிருக்கும்! முற்றமே அதிரும். தீவனக் கடைக்காரர் உடனே தூள் பொட்டலங்களை விற்க ஆரம்பித்துவிடுவார். அருள் ஆறிப்போவதற்குள் வாங்கிவிட வேண்டுமாம்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசைக்காரர் நம்ம சரிங்கண்ணன். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார், அதனால் அந்தப் பெயர். மருந்துக்காரன் வந்தாலும் சரிங்க, சோசியக்காரன் வந்தாலும் சரிங்க. மனைவி சொன்னால் மட்டும், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

பாவம், அவருக்கும் கஷ்டம் இருந்தது. போன தடவை வெயிலில் பாதிக் கோழி செத்துப்போனது. இந்த முறையும் கோழிகள் எடை ஏறாவிட்டால் இனிமேல் குஞ்சு தரமாட்டோம் என்று குஞ்சு கொடுக்கும் கம்பெனி சொல்லிவிட்டது. குஞ்சு இல்லையென்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். இருந்த மூவாயிரம் கோழிகளில் பாதியைத் தடுப்புக் கட்டிப் பிரித்து, எட்டு நாளாக அவற்றுக்கு அருள்தூள் போட்டு வந்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் மனைவி கொட்டகைக்குள் கூப்பிட்டாள். தீவனம் கலப்பது அவள் வேலை. மக்காச்சோளத்துக்கு எத்தனை பிடி தவிடு, எத்தனை பிடி கடலைப் புண்ணாக்கு என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் கோழிகள் சுறுசுறுப்பாக ஓடின. தூள் தின்ற அந்தப் பக்கம் தரையெல்லாம் நசநசவென்று ஈரம். நானூறு கோழிகளுக்குக் குறையாமல் கால் மடங்கி உட்கார்ந்திருந்தன.

"என்னங்க இது?"

"தூள் போடுற நாள் கணக்கு முடியாம அருள் முழுசா இறங்காதாம். சாமி சொன்னாரு."

அவள் ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினாள். தண்ணீரில் போட்ட அருள்தூள். மேலே பழுப்பாக ஏதோ மிதந்தது.

"தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தார். முகம் கோணியது. "உப்பு!"

"மேல மிதக்குறது உமி. அரைச்ச உமி. கோழி காலுக்குக் கீழ விரிச்சிருக்கோமே, அதே உமி. கால்ல மிதிக்க வேண்டியதை வாயில போடுறோம். கூட உப்பைப் போட்டா தண்ணியா குடிச்சுத் தண்ணியா கழியாம என்ன பண்ணும்?"

"அப்போ எடை ஏறுதே! என் கண்ணால பார்த்தேனே!"

"வியாபாரி லாரி வர்ற காலையில நீங்க என்ன பண்ணுவீங்க?"

சரிங்கண்ணன் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரறிந்த ரகசியம்தான். முதல் நாள் ராத்திரியிலிருந்து கோழிக்குத் தீனி போடக்கூடாது என்பது வியாபாரியின் சட்டம். லாரி வருவதற்கு அரைமணி முன்னால் தட்டு நிறையத் தீனியும் டப்பா நிறையத் தண்ணீரும் வைத்து எடையை ஏற்றிவிடுவது வளர்ப்பவர்களின் சட்டம். வியாபாரி கோழியின் கழுத்தடியில் தீனி தங்கும் பையை விரலால் அமுக்கிப் பார்த்துக் கத்துவார். இவர்கள் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முழிப்பார்கள். முற்றத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்த வித்தையில் கை தேர்ந்தவர்கள்.

"அது வேற, இது வேற," என்றார். "அது தொழில். இது விரதம்."

அடுத்த வாரம் கோழி கொண்டுபோகும் பாக்கியம் அவருக்கே கிடைத்தது. "நானும் வர்றேன்," என்று மனைவி சொன்னாள். மனம் திருந்திவிட்டாள் என்று நினைத்து மனிதர் பூரித்துப்போனார்.

முற்றத்தில் முதல் எடை போட்டார்கள். பத்துக் கோழி, பதினெட்டுக் கிலோ. கடைக்காரர் பலகையில் எழுதினார். சாமி கையில் தூளை அள்ளினார். அப்போது அவள் முன்னால் வந்தாள்.

"சாமி, சின்ன ஆசை. கோழிக்கூண்டு, தீனித்தட்டு, தண்ணி டப்பா எல்லாத்தையும் சேர்த்துத் தராசு மேலேயே வைங்க. தூளையும் போட்டுடுங்க. கோழி அங்கேயே சாப்பிடட்டும். அருள் கிராம் கிராமா ஏறுறதை எல்லாரும் கண்ணால பார்ப்போம்."

கூட்டம் சொக்கிப்போனது. "ஆமா சாமி! ஆமா!"

சாமியின் கை நின்றுவிட்டது. "தீனி தராசில் ஏறக்கூடாதம்மா. அது தோஷம்."

"தராசுல பாட்டரி வேற தீர்ந்துடும்," என்றார் கடைக்காரர் அவசரமாக.

"அருளுக்கு முன்னாடி பாட்டரி என்னய்யா பாட்டரி! வைங்க!" என்று பின்னால் ஒருவர் கத்தினார். சந்தேகப்பட்டவன் கேட்டிருந்தால் அடித்தே துரத்தியிருப்பார்கள். பக்தர்கள் கேட்கும்போது சாமியால் என்ன செய்ய முடியும்? மனைவியின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்ற ஆவேசத்தில் சரிங்கண்ணனே கூண்டைத் தூக்கித் தராசில் வைத்தார். தட்டையும் டப்பாவையும் உள்ளே வைத்தார். சாமி தூளைத் தூவினார். தூவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். பலகையில் எழுதியாயிற்று.

பத்தும் பாய்ந்து தின்றன. குடித்தன. கழுத்தடிப் பைகள் புடைத்தன. கூட்டம் தராசின் சிவப்பு எண்களையே பார்த்தது. அரைமணி. "ஏறுது!" என்று ஒருவர் குதித்தார். ஒரு கோழி இறக்கையை அடித்தது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம். கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கைகள் இடுப்புக்கு இறங்கின. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், முப்பத்திரண்டு கிலோ முந்நூற்று எண்பது.

"அருள் இருபது கிராம் குறைஞ்சிருக்கே?" என்று ஒருவர் கேட்டார். கேலியாக அல்ல, நிஜமாகவே புரியாமல்.

"அது கோழி மூச்சுல போன ஈரம். இப்போ கோழியை மட்டும் நிறுங்க," என்றாள் அவள். கோழிகள் ஒரு கிலோ கூடியிருந்தன. "தட்டையும் டப்பாவையும் நிறுத்துப் பாருங்க. அந்த ஒரு கிலோ அங்க குறைஞ்சிருக்கும். தட்டுல இருந்தது வயித்துக்குப் போச்சு. லாரி வர்ற அன்னிக்கு நம்ம எல்லாரும் பண்ற அதே வேலைதான். வியாபாரி கண்டுபிடிச்சுடுறான். நம்மால முடியலை."

தூள் சாமி கண்ணைத் திறந்தார். "நம்பிக்கை இல்லாதவள் நிழல் பட்டது. அருள் விலகிவிட்டது."

எல்லோரும் சரிங்கண்ணனைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டுவார் என்று சாமியும் எதிர்பார்த்தார். அவரோ இத்தனை நாளாக உமியையும் உப்பையும் ஊட்டிய தன் கையைப் பார்த்தார்.

"என் கொட்டகையில நானூறு கோழி எழுந்திருக்க முடியாம கிடக்குது சாமி. அங்க இவ நிழல் பட்டா கால் மடங்குச்சு? நீங்க குடுத்த தூள்தானே பட்டுச்சு? வாங்க, வந்து எழுப்புங்க!"

சாமி எழுந்தார், ஆனால் கொட்டகைக்குப் போக அல்ல. கடைக்குள் நுழைந்து முன்கதவு வழியாக மறைந்தார். துரத்திப் போனவர்கள் கடையின் கிடங்கைத் திறந்தார்கள். அரிசி ஆலையில் அள்ளிவந்த உமி மலையாகக் குவிந்திருந்தது. பக்கத்தில் உப்பு மூட்டைகள், அரைக்கும் எந்திரம். கடைக்காரர், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, என்னையும் ஏமாத்திட்டான்!" என்று எல்லோருக்கும் முன்னால் அழுதார். எந்திரம் அவர் வீட்டு மின்சாரத்தில்தான் ஓடியது.

சரிங்கண்ணன் காத்திருக்கவில்லை. கூண்டை வேனில் ஏற்றினார். தூள் கலந்த தீவனத்தை வாரிக் கொட்டி, மிச்சக் கோழிகளையாவது தேற்ற வேண்டும். மனைவியும் ஏறப்போனாள். ஆனால் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"அம்மா, நீங்க கைபட ஒரு தூள் கலந்து குடுங்கம்மா," என்றார் ஒரு பண்ணைக்காரர். "இனிமே நீங்க சொன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்போம்." ஒருவர் காலிலேயே விழுந்துவிட்டார்.

அவள் துள்ளி விலகினாள்.

"எந்திரிய்யா! தவிடும் ஆலைக் கழிவுதான், புண்ணாக்கும் கழிவுதான். போட்டுப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, இது ஆகும் இது ஆகாதுன்னு கண்டுபிடிச்சாங்க. நான் குடுத்தாலும் பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாம நிறுத்துப் பாருங்க. கோழிக்கு மூளை புளியங்கொட்டை அளவுதான். அதுகூடப் புதுத் தீனியைப் பார்த்தா ரெண்டு தடவை கொத்திப் பார்த்துட்டுத்தான் முழுங்குது. உங்களுக்குத்தான் கொத்திப் பார்க்கிற பழக்கமே இல்லை!"