வெறுங்கால் போர்மேனின் கால் ஆணி

விஸ்வநத்தம் பக்கம் இடிக்குப் பயப்படாத ஆள் உண்டு, முதலாளிக்குப் பயப்படாத ஆளும் உண்டு. எங்கள் பட்டாசுக் கம்பெனியின் வெறுங்கால் போர்மேனுக்குப் பயப்படாத ஆள் மட்டும் கிடையாது.

பிள்ளைகளே, பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. இரும்புச் சாமான் கூடாது; உரசினால் பொறி வரும். நைலான் சட்டையும் கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் மின்சாரம் இருந்தால் மண்ணுக்குள் போய்விடும்.

இதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் உள்ள சட்டம்தான். எங்கள் போர்மேன் அண்ணாச்சிக்கோ அது சாமி கும்பிடுகிற மாதிரி. சாவிக்கொத்தோடு வந்த முதலாளியையே, "அங்கனயே நில்லுங்க, சாவியைக் கழட்டி வச்சிட்டு வாங்க" என்று வெயிலில் நிறுத்தியவர். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சட்டையைத் தடவி, "பருத்திதானா?" என்று கேட்டவர்.

அவரே சேர்த்த சட்டமும் ஒன்று உண்டு: ஓட முடியாதவன் உள்ளே வரக் கூடாது. தினமும் வாசலில் நிற்கும் வேப்பமரத்தை ஒரு சுற்று ஓடினால்தான் எங்களுக்குக் கதவு திறக்கும்.

அப்படிப்பட்டவருக்கு வலது பாதத்தில் கால் ஆணி வந்தது. பூண்டு வைத்துக் கட்டினார், பிளாஸ்திரி ஒட்டினார். ஆணி அசையவில்லை. ஒருநாள் மரத்தைச் சுற்றும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்றேன்.

"ஏலே, எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

தன்னைத் தானே வெளியே நிறுத்திக்கொண்டார். அதுவோ தீபாவளி சீசன். வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கதவு வழியாகவே எங்களை அதட்டினார். நாளாக நாளாக அதட்டலில் சத்தம் குறைந்தது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. விருதுநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

ஆபரேஷன் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "நல்ல கம்பெனிதாம்லே இது. தகடு எங்கன இருக்கு?" என்று சுவரைத் தடவினார்.

டாக்டர் கத்தியை எடுத்தார்.

"இரும்பா? பித்தளையில இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. கண்ணை மூடிக்கோங்க" என்றார் டாக்டர்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஆணியை வேரோடு தோண்டி எடுத்தார். ரத்தத்தை நிறுத்த, மின்சாரத்தால் சுடும் பேனா போன்ற கருவியை வைத்தார். சுர்ரென்று ஒரு பொறி, நூல் மாதிரி ஒரு புகை.

"எல்லாரும் வெளிய ஓடுங்க."

அண்ணாச்சி மேசையிலிருந்து குதித்து, ஒரு கையில் டாக்டரையும் மறு கையில் நர்ஸம்மாவையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். துணைக்கு உள்ளே நின்ற நான் அவர்களுக்கு முன்பே தெருவில் இருந்தேன். பழக்கம் அப்படி.

டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, இன்னும் தையல் போடலையே."

"தையல் கிடக்கட்டும். உள்ள வேற யாரும் இருக்காகளா?" என்று கேட்டு, தலைகளை எண்ணினார்.

தையல் பிரித்துக் கால் ஆறியதும், வேப்பமரத்தை ஒரு சுற்று ஓடிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்ததும் என்னைப் பார்த்து முதல் வார்த்தை: "ஏலே, சட்டையில என்ன ஊக்கு? வெளிய போ."

போனேன். அன்றைக்கு அந்தத் திட்டு காதுக்கு இனிப்பாக இருந்தது.

அந்த மருந்து அறையில் அவரிடம் திட்டு வாங்கும் நாங்கள் நாலு பேரும் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறோம். உங்களுக்கு இதை எழுதுகிற கையில் ஐந்து விரலும் இருக்கிறது, பிள்ளைகளே.