கொம்பு சார் இடைநிலை ஸ்பானிஷ் படிக்கிறார்

மொழி தெரியாதவரால் யாருக்கும் தொல்லை இல்லை. சிரிப்பார், கையைக் காட்டுவார், போய்விடுவார். மொழியை நன்றாகத் தெரிந்தவராலும் தொல்லை இல்லை. அவருக்கு அந்த மொழியில் செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கும். இந்த இருவருக்கும் நடுவே, ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, மேலே நிமிர்ந்து பாராமல், கீழே இருப்பவர்களின் உச்சந்தலையை மட்டும் பார்த்து மகிழும் ஓர் இனம் உண்டு. இடைநிலை மேதை என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததில்லையா? அப்படியானால் வாருங்கள். பல்கலைக்கழகத்தின் மொழித்துறைக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில், மின்விசிறி காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தருகிற பதினான்காம் அறையில், திங்களும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு இடைநிலை ஸ்பானிஷ் நடக்கிறது. முதல் வரிசையில், ஆசிரியையின் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

வேலை, அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், பட்டியல் பிரிவில். வருகிற புத்தகத்துக்கெல்லாம் எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, அட்டவணையில் ஏற்றுவார். புத்தகத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. ஊழியர்களுக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்பைப் பார்த்து ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தார். ஸ்பானிஷில் சில எழுத்துகளின் தலையில் சின்னதாக ஒரு சாய்கோடு வரும். யாராவது கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்புவதற்குள், "கொம்பு எங்கே? கொம்பு விட்டுப்போச்சே!" என்று முதல் வரிசையிலிருந்து குரல் வரும். ஒரே மாதத்தில் கொம்பு சார் ஆகிவிட்டார். அந்தப் பெயரில் இருந்த கேலி அவருக்கு எட்டவில்லை. தனக்குக் கொம்பு முளைத்திருப்பதை வகுப்பு ஒப்புக்கொண்டது என்றே எடுத்துக்கொண்டார்.

அவருடைய பழக்கங்களைக் கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் தட்டுத்தடுமாறி, நேற்று சந்தைக்குப் போன கதையை ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருப்பார். கொம்பு சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சந்தையில் அந்த மனிதரின் பையை யாரோ அறுத்துக்கொண்டு போன கட்டம் வரும். வகுப்பே "ஐயையோ" என்னும். கொம்பு சார் மட்டும் கண்ணைத் திறந்து, "பை பெண்பால்" என்பார். அவ்வளவுதான். கதை அங்கேயே செத்துவிடும். பையைப் பறிகொடுத்தவர் அதற்கப்புறம் அந்தப் பருவம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. 'ஒருத்தரைத் திருத்திவிட்டோம்' என்று கொம்பு சார் அன்று இரவு உணவை நிறைவாகச் சாப்பிட்டார்.

இதில் விசேஷம் என்னவென்றால், இடைநிலையில் அவருக்கு இது மூன்றாவது ஆண்டு. தோற்றுப்போய் அல்ல; முதல் மதிப்பெண் வாங்கி. ஒவ்வோர் ஆண்டும் உயர்நிலை வகுப்புக்குப் போகலாம் என்று கடிதம் வரும். முதல் ஆண்டு ஒரு முறை போயும் பார்த்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் ஏதோ ஒரு கதையை ஸ்பானிஷில் சொல்லி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அங்கே போனால் தான் கடைசி வரிசை என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துபோயிற்று. மெல்ல மாடி இறங்கி வந்து, பதிவு அலுவலகத்துக் குமாஸ்தாவிடம், "அடித்தளம் இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டும்னு பாக்கறேன்" என்றார். குமாஸ்தா முத்திரை குத்தினார். கட்டடமே இல்லாத அடித்தளம் மூன்று ஆண்டுகளாக உறுதியாகிக்கொண்டிருக்கிறது.

அந்த வகுப்பில் அவருக்குப் பிடிக்காத ஒரே ஆள் சம்பந்தியம்மா. தையல் கடை வைத்திருப்பவர். வெளிநாட்டில் வேலைபார்க்கும் மகன், ஸ்பானிஷ் பேசும் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மருமகள் எப்படியோ தமிழில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டாள். ஆனால் அவளுடைய அம்மாவுடன் பேச வழியில்லை. "சம்பந்தி கூட ஒரு வார்த்தை பேசாம, மனசுல உள்ளதைக் கொட்டாம எப்படிங்க இருக்கறது? சண்டை வந்தாக்கூட போட முடியாதே!" என்று முதல் நாளே வகுப்பில் எழுந்து நின்று சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தச் சம்பந்தியோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் ஸ்பானிஷ் பேசுவார். அது என்ன ஸ்பானிஷ்! ஆண்பால் பெண்பால் கிடையாது, காலம் கிடையாது, கொம்பு அறவே கிடையாது. வினைச்சொற்களை அகராதியில் இருக்கிறபடியே தூக்கி வைத்துவிட்டு, மிச்சத்தைக் கையாலும் முகத்தாலும் தைத்து முடிப்பார். கொம்பு சாருக்கு அதைக் கேட்டால் பல் கூசும்.

பலவீனமான மாணவர்களைக் கரையேற்றுவதற்காகச் சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகத்தின் குழுப்படிப்பு அறையில் கொம்பு சார் ஒரு பயிற்சி நடத்தினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே நடத்தினார். முதலில் ஆறு பேர் வந்தார்கள். பிறகு மூன்று பேர். அந்தச் சனிக்கிழமை சம்பந்தியம்மா மட்டும் வந்திருந்தார், அதுவும் போன வாரம் மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க. வந்தவரை உட்காரவைத்து இறந்தகாலம் நடத்த ஆரம்பித்தார். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு இன்னொன்று. இடைநிலை மேதைகள் குடியிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. மனைவி. ஊர் ஓரத்தில் இருக்கும் குழந்தைகள் கிளினிக்கில் செவிலியர்.

"என்னங்க, கையில என்ன வேலை இருந்தாலும் விடுங்க. இங்க ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கா. ஃபாக்டரிக்கு வந்திருக்கற வெளிநாட்டு இன்ஜினியரோட சம்சாரம். ஸ்பானிஷ் மட்டுந்தான் பேசறா. வீட்டுக்காரர் வெளியூர்னு ஃபாக்டரியில சொல்றாங்க, போன் எடுக்கல. குழந்தைக்கு நெத்தியில இவ்வளவு பெரிய வீக்கம். டாக்டர் மூணே மூணு கேள்வி கேக்கணுங்கறாரு. எப்ப அடிபட்டுது, மயக்கம் போட்டுதா, வாந்தி எடுத்துதா. கேட்டுச் சொல்லுங்க."

கொம்பு சாரின் நெஞ்சு விம்மியது. மூன்று ஆண்டுகளாக வீட்டில் 'இந்த ஸ்பானிஷ் எதுக்கு உதவப்போகுது' என்று கேட்ட அதே வாய்! கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொலைபேசிக்கு எதற்குக் காலர் என்று கேட்காதீர்கள்.

மறுமுனையில் அந்தத் தாய் அழுகையோடு கொட்டினாள். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கொம்பு சாரின் பாடப்புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவில் ஒரு பெண் ரயில் டிக்கெட் வாங்குவாள், நூலகத்துக்கு வழி கேட்பாள், தன் தோழியின் கண் நிறத்தை வர்ணிப்பாள். மூன்று ஆண்டுகளில் அவள் ஒரு முறைகூட அழுததில்லை.

"மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்றார். கொஞ்சம் மெதுவாக, தயவுசெய்து.

அவள் மெதுவாக்கவில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஸே மே கயோ லா நின்யா! ஸே மே கயோ!"

கொம்பு சாரின் முகம் மலர்ந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம்!

"கேட்டியா? இது ரொம்ப அருமையான அமைப்பு. 'நான் குழந்தையைக் கீழே போட்டுட்டேன்'னு அவ சொல்லல. 'குழந்தை எனக்கு விழுந்துடுச்சு'ன்னு சொல்றா. தப்பு யார் மேலயும் இல்லாத மாதிரி அந்த மொழி எவ்வளவு நாசூக்கா..."

"விழுந்துதுன்னு வீக்கத்தைப் பாத்தாலே தெரியுதுங்க! வாந்தி எடுத்துதான்னு கேளுங்க!"

கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? முன்பின் தெரியாத பெண்மணி, மரியாதையாகத் தொடங்க வேண்டாமா? 'தங்களுக்குச் சிரமம் இல்லையெனில், அடியேன் ஒன்று வினவலாமா' என்கிற தோரணையில் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதில் வருகிற வினைச்சொல்லின் வாலை, ஐயத்தைக் காட்டும் வடிவத்துக்குச் சரியாக மடக்கி, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். பிழையே இல்லை. மறுமுனையில் ஒரு கணம் அழுகை நின்றது. திகைப்பில்.

அடுத்தது வாந்தி. 'வொமித்தோ'வா, 'வொமித்தாபா'வா? ஒரு தடவை எடுத்தது என்றால் முதலாவது. எடுத்துக்கொண்டே இருந்தது என்றால் இரண்டாவது. எத்தனை தடவை என்று தெரியாமல் எந்தக் காலத்தைப் போடுவது? காலத்தைப் போடாமல் எத்தனை தடவை என்று எப்படிக் கேட்பது? அவர் நிஜமாகவே திணறினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டால்? பக்கத்தில் சம்பந்தியம்மா வேறு உட்கார்ந்திருக்கிறாரே!

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா? குழந்தை கண்ணு சொருகுதுங்க!"

சம்பந்தியம்மா எழுந்தார். மேசைமேலிருந்த கைபேசியை எடுத்தார், வெட்டிய துணியை எடுப்பது போல, யாரையும் கேட்காமல்.

"அலோ! நின்யா... உவ்வே? உவ்வே?" வாந்தி எடுக்கிற சத்தத்தை அவர் செய்த செய்கையில் அறைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். "உனோ? தோஸ்? த்ரேஸ்?"

"தோஸ்! தோஸ் வேஸெஸ்!" என்று அலறினாள் தாய்.

"நின்யா தொர்மீர்? தொர்மீர் முச்சோ?"

"ஸீ, ஸீ!" என்று தொடங்கி அவள் நீளமாக ஏதோ சொன்னாள்.

"ஓரா? உனா ஓரா?"

"மேதியா! மேதியா ஓரா!"

"செவிலியரம்மா, கேட்டுக்குங்க. விழுந்து அரை மணி ஆச்சு. ரெண்டு தடவை வாந்தி. எழுப்ப எழுப்பத் தூங்கி விழுதாம். டாக்டர்ட்ட சொல்லுங்க, சீக்கிரம்!" என்றார் சம்பந்தியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "த்ராங்கீலா, ஈஹா. த்ராங்கீலா" என்றார். பதறாதே மகளே என்று அர்த்தம். தன் சம்பந்தி தன்னிடம் சொல்லக் கேட்டுப் பழகியது. அந்தத் தாய் முதல் முறையாக அழுகையை அடக்கி மூச்சுவிடுவது இங்கே கேட்டது.

மறுமுனையில் டாக்டரின் குரல், ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி என்று கலவரமாகக் கேட்டு, இணைப்பு அறுந்தது. சம்பந்தியம்மா கைபேசியை மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

கொம்பு சார் தொண்டையைச் செருமினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. 'தொர்மீர்'னு சொல்லக் கூடாது. வினையை அப்படியே வேரோட பிடுங்கிப் போடக் கூடாது, மடக்கணும்."

சம்பந்தியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க மடக்கிட்டிருந்தீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மனைவி வீட்டுக்கு வரத் தாமதமாயிற்று. தட்டை வைத்த சத்தமே சரியில்லை. கொம்பு சார் பேச்சைத் தொடங்கினார்.

"அந்த அம்மா பேசினது ஸ்பானிஷே இல்ல, தெரியுமா?"

"அப்படியா? அப்ப அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுதே, அது என்ன பாஷை?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்று இருக்கிறது என்று உள்ளே ஏதோ உறுத்தியது. அதை ஆற்றிக்கொள்ளக் குறிப்பேட்டை எடுத்து, சம்பந்தியம்மா அன்று செய்த பிழைகளைத் தேதியிட்டு எழுதினார். ஒன்பது வந்தது. உறுத்தல் நின்றது.

திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியை, "வார இறுதியில் நடந்தது ஒன்று சொல்லுங்கள்" என்றார். கொம்பு சார் கையைத் தூக்கினார். நடந்ததைச் சொன்னார். தாயின் வாக்கியத்தின் அழகைச் சொன்னார். பிறகு, பெயரைக் குறிப்பிடாமல், 'நம்மில் ஒருவர்' என்று மரியாதையாகச் சொல்லி, ஒன்பது பிழைகளையும் வரிசையாக வாசித்தார்.

ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்தார். "இ லா நின்யா?" என்று கேட்டார்.

மூன்றே சொல். முதல் பருவத்துப் பாடம்.

"நின்யா பெண்பால். அதனால அதோட வர்ற..."

"சார், குழந்தை எப்படி இருக்குன்னு கேட்டேன்."

கொம்பு சார் குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் அது இல்லை. இரண்டு நாளாக, அதே வீட்டில், அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் போன மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையே கிளினிக்கில் விசாரித்துவிட்டு வந்திருந்த சம்பந்தியம்மா பின்வரிசையிலிருந்து சொன்னார். "நின்யா பியென். நின்யா காஸா." குழந்தை நலம், குழந்தை வீடு.

வகுப்பு முழுவதும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கொம்பு சார் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத்தான் விரும்பினார். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே!

"'எஸ்தா' வரணும்" என்றது அது. "நின்யா *எஸ்தா* பியென். கடைசி எழுத்தில் கொம்பு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

பருவம் முடிந்தது. கிளினிக்கில் மேசைக்கு மேலே, தீயணைப்பு நிலையத்தின் எண்ணுக்குக் கீழே, சம்பந்தியம்மாவின் தொலைபேசி எண்ணை மனைவி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். சம்பந்தியம்மா இலக்கணத்தில் தட்டித்தடவித் தேறி உயர்நிலைக்குப் போய்விட்டார். அங்கே சிரிக்கிற சத்தம் இப்போது இன்னும் அதிகமாம். கொம்பு சார் வழக்கம்போல முதல் மதிப்பெண். வழக்கம்போலப் பதிவு அலுவலகம். குமாஸ்தா இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. முத்திரையை மையில் தொட்டுத் தயாராக வைத்திருந்தார்.

நீங்கள் சிரித்தீர்கள், தெரியும். உங்கள் அலுவலகத்தில் ஒருவரை, உங்கள் மைத்துனரை, மாடி வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மேலே படித்துக்கொண்டு வரும்போது, ஏதோ ஓர் இடத்தில், 'இங்கே ஒற்று மிகுமே, இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே' என்று உங்கள் கண் ஒரு வினாடி நின்றதா? நின்றது என்றால் அந்த வரியில் குழந்தை கண் செருகிக்கொண்டிருந்ததா, வீட்டுக்கு வந்துவிட்டதா, நினைவிருக்கிறதா? அவசரமில்லை, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இடைநிலையில் சேர்க்கை பதினைந்தாம் தேதி வரை நடக்கிறது.