இன்ஸ்பெக்டர் வந்த நாளில் செத்தது யார்?

தலைமை ஆசிரியர் என்று ஒருவர் இருந்தால், அவருக்குக் கீழே ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். இது ஊர் உலகத்து நியாயம். எனக்குக் கீழே ஓர் ஆடுதான் இருந்தது. (பள்ளிக்கூடத்துப் பலகைத் தரைக்கு அடியில் வந்து மழைக்கு ஒதுங்கும். யாருடைய ஆடு என்று கடைசிவரை தெரியவில்லை.)

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பஸ்ஸில் பாதிவழியில் இறங்கி மலை ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஐந்து வகுப்பு, ஐந்துக்கும் சேர்த்து நான் ஒருவன். இந்த மூலைக்கு வாய்பாடு சொல்லிவிட்டுத் திரும்பினால் அந்த மூலையில் மல்யுத்தம் நடக்கும்.

அப்போதுதான் கல்விச் சட்டத்தின் புதிய விதிகள் வந்தன. தோட்டம் பள்ளிக்குக் கட்டடம் கொடுக்க வேண்டும். தலைமை ஆசிரியரைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது. போதுமான பிள்ளைகள் வந்தால் அரசாங்கமே ஓர் உதவி ஆசிரியரை அனுப்பும். அடேயப்பா! கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. அந்த விதிகளைத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் உரக்க வாசித்துக் காட்டினேன். "மாஸ்டருக்குக் காய்ச்சலா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

காய்ச்சல்தான். அதற்குப் பெயர் சரசு. மஸ்கெலியாவில் கடை வைத்திருந்த என் தாய்மாமாவின் மகள். பெண் கேட்டுப் போனபோது மாமா கல்லாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"தலைமை ஆசிரியர்னு சொல்றீங்க மாப்ள. யாருக்குத் தலைமை? ஒங்களுக்குக் கீழ ஒரு வாத்தியாராவது வரட்டும். அப்புறம் தேதி பாக்கலாம்."

உள்ளே சரசு சிரித்த சத்தம் கேட்டது. ஆக, கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தால் உதவி ஆசிரியர். உதவி ஆசிரியர் வந்தால் சரசு. என் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நாள் வரவில் தொங்கியது.

இன்ஸ்பெக்டர் மத்தியானம் வருவார் என்று தகவல். ஆகவே பிள்ளைகளைக் குளித்து, எண்ணெய் வைத்து, ஆற அமர வரச் சொல்லியிருந்தேன். மனிதர் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்! யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல பருமன். ஏற்றம் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"தம்பி, கொஞ்சம் சாயிறன். பிள்ளையள் எங்கை?"

"வந்துகிட்டே இருக்காங்க ஐயா," என்றேன். (ஓர் ஈ காக்கை வரவில்லை. பாதிப் பேர் விறகு பொறுக்கவும், மீதிப் பேர் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கமும் போயிருந்தார்கள்.)

அவர் வாசலில் கிடந்த என் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். பனிக்குளிருக்கு வெள்ளைச் சால்வையை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அவர் விழிப்பதற்குள் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்ட வேண்டும். எப்படி?

தப்பு! எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்புப் பறைதான் அடிப்பார்கள். அடிக்கிற மருதமுத்து அண்ணன் அன்று ஹட்டனுக்குப் போயிருந்தார். அவருடைய தப்பு பக்கத்துப் பெரட்டுக் களத்தில் தொங்கியது. பனியில் தோல் தொய்ந்திருந்தது. சருகைக் கொளுத்திக் காய்ச்சினேன். எடுத்தேன். அடித்தேன்!

என்னமாய் அடித்தேன் தெரியுமா! ஓர் அடி மனதில் நன்றாகப் பதிந்திருந்தது. நிறுத்தி, நிறுத்தி, பிறகு விறுவிறு என்று ஏறும். எங்கே கேட்டோம் என்பதுதான் நினைவில்லை. சரசுவை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி வெளுத்து வாங்கினேன். கண்ணைத் திறந்தால், பிள்ளைகள் நாலா பக்கமும் இருந்து ஓடி வருகிறார்கள்! இடுப்பில் குழந்தை, தலையில் விறகு, அப்படி அப்படியே வருகிறார்கள்! எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

பிறகு பார்த்தால் மலையிலிருந்து பெரியவர்களும் இறங்கி வருகிறார்கள். கூடையோடு பெண்கள், மண் கொத்தும் முள்ளோடு ஆண்கள். சில பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த அடியை எங்கே கேட்டேன் என்று. போன வாரம், கீழ் லயத்துக் கிழவரின் பாடையைத் தூக்கியபோது.

எல்லோருக்கும் முன்னால் வந்தவர் ராக்கம்மா அக்கா. கொழுந்து பறிப்பவர்களில் அவர் குரல் மூன்று மலைக்குக் கேட்கும். சாய்மனைக் கதிரையையும் வெள்ளைச் சால்வையையும் பார்த்தார். அவ்வளவுதான்.

"ஐயா ராசா! யாரு பெத்த புள்ளையோ, எங்க மலையேறி வந்தா இப்புடிச் சாஞ்சிட்டீங்க!"

இன்ஸ்பெக்டர் சால்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நூறு தொண்டை ஒரே நேரத்தில் அலறியது.

"என்ன தம்பி, ஆர் செத்தது?" என்றார் அவர்.

நான் பதில் சொல்வதற்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. துரை! தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர், கோபம் வந்தால் எங்கள் தமிழ்தான் பேசுவார்.

"ஏய் மாஸ்டர்! யார் செத்துப் போச்சு?"

"யாரும் சாகலீங்க தொரை."

"அப்போ எல்லா ஆளும் மலைக்குப் போ!"

யாரும் அசையவில்லை. ராக்கம்மா அக்கா கூடையைக் கீழே வைத்தார். "அது எப்புடிங்க தொரை? சாவு அடி அடிச்சாச்சு. தலைக்கு ஊத்தாம மலையேறுனா தோட்டத்துக்கு ஆகுமா?"

"பொணமே இல்லையே!"

"அடிச்சவரு நிக்கிறாருல்ல!"

கடவுளே! தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு நாலு பேர் ஓடினார்கள். முதல் குடம் என் தலையில் விழுந்தபோது உச்சி முதல் உள்ளங்கால்வரை பனிக்கட்டி. இரண்டாவது குடத்தில், இன்ஸ்பெக்டருக்காக இரவல் வாங்கிப் போட்டிருந்த கோட்டு முழங்கால்வரை இறங்கியது. மூன்றாவது குடத்தை என் மூன்றாம் வகுப்பே தூக்கி வந்து ஊற்றியது. எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். சனங்களும் மனம் ஆறி மலை ஏறினார்கள்.

துரை மட்டும் ஆறவில்லை. "நாளைக்கு நீ பெட்டி கட்டு!" என்றார். சரசு போனாள், பள்ளிக்கூடம் போனது என்று நின்றேன். பல் கிடுகிடுவென்று அடித்தது, குளிரா பயமா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து சால்வையை மடித்துத் தோளில் போட்டார். இங்கிலீஷில் பேசினார், மிக மெதுவாக. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சட்டப்படி துரையின் வேலை கட்டடம் கொடுப்பது, தலைமை ஆசிரியரைத் துரை தன் இஷ்டத்துக்கு விலக்க முடியாது, இலாகா சம்மதிக்க வேண்டும், இலாகா இன்று சம்மதிக்கிற எண்ணத்தில் இல்லை. துரை மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அந்த ஈரத்தோடேயே இன்ஸ்பெக்டரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் ஓரடி விலகிக்கொண்டார்.

"தம்பி, இவ்வளவு வரவை நான் வேற எந்தத் தோட்டத்திலயும் காணேல்லை," என்றார். உதவி ஆசிரியருக்குப் பரிந்துரை எழுதினார். அதற்குக் கீழேயே, இந்தப் பள்ளிக்குத் தோட்டம் உடனே ஒரு மணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

மணியும் வந்தது, உதவி ஆசிரியரும் வந்தார். மாமா தேதியும் பார்த்தார். தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் முழங்கப் போகிறது. தோட்டத்திலிருந்து வந்திருந்த கூட்டத்துக்குள்ளிருந்து ராக்கம்மா அக்கா குரல், மண்டபமே அதிர:

"மேளத்தைக் கெட்டியாப் புடிச்சுக்குங்கப்பா! மாஸ்டரு கைக்கு எட்டிறப் போவுது!"

குனிந்த தலை நிமிராமல் இருந்த மணப்பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் தாலி கட்ட எனக்குக் கழுத்து அகப்படவில்லை. இன்றைக்கும் நான் சாப்பாட்டு மேசையில் விரலால் லேசாகத் தாளம் போட்டால் போதும், அடுப்படியிலிருந்து சரசு கேட்பாள்:

"குடத்தை எடுக்கவா?"