நிற்காமல் மேடேறிய பிக்கப்

பாதி மேட்டில் பிக்கப் நின்றுவிட்டது. பிக்கப்காரன் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

"மச்சான்! கல்லு! கல்லை வை!"

பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டிருந்த மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி, அவசரமே இல்லாமல் இறங்கினான். ஒரு பாறாங்கல்லை உருட்டி வந்து பின் டயருக்கு முட்டுக் கொடுத்தான்.

"மாமா, இந்தக் கல்லு உங்களுக்குன்னே இங்க கெடக்கு. பேரு எழுதி வச்சிடலாமா?"

பிக்கப்பின் முதுகில், பின்பக்கம் குழாய் வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டி. மேட்டின் உச்சியில் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. முகம் கழுவுவதென்றாலும் கீழேயிருந்துதான் போயாக வேண்டும்.

மேலேயிருந்து சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"இங்க பாருப்பா, தளம் போடுற அன்னைக்குத் தண்ணி மேல வந்தே ஆகணும். கலவை உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. அன்னைக்கும் நடுவுல நின்னே, இந்த வேலை உன் மச்சானுக்கு."

"சார், அவன் தொட்டி சின்னத் தொட்டி!"

"சின்னதோ பெரிசோ, மேல வருதுல்ல?"

மச்சான் ரொம்பப் பணிவாகத் தலையைச் சொறிந்தான். அந்தப் பணிவைப் பார்க்கத்தான் பிக்கப்காரனுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் அதைவிட மோசம்.

"என் தம்பிகிட்டயா வேலையை விட்டுக் குடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. "எங்க அம்மா வீட்டுக்கு நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போவேன்? மாப்பிள்ளை பாக்க வந்தப்பவே எங்க அப்பா கேட்டாரு, பையன் மேல வருவானான்னு."

மறுநாள் காலை பழைய இரும்புக்கடையில் போய் நின்றான். கடைக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இஞ்சினுக்கு மூச்சு பத்தல. இந்த டர்போ பொம்மை டர்போ. இதைப் பாரு, லாரியில இருந்து கழட்டினது."

டர்போ என்பது வேறொன்றுமில்லை. புகை வெளியே போகிற வேகத்தில் சுற்றி, இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. அவர் காட்டியது பூசணிக்காய் பருமனில் இருந்தது. அதை உள்ளே நுழைக்க பேட்டரியை இடம் மாற்றினார்கள். பானெட் முழுதாக மூடவில்லை, கயிற்றால் கட்டினார்கள்.

சமதரையில் வண்டி விசில் அடித்துக்கொண்டு பறந்தது. மேட்டில் கதை வேறு. ஏற்றத்தில் இஞ்சின் மெதுவாகச் சுற்றியது. அந்தக் கொஞ்சப் புகைக்கு அவ்வளவு பெரிய விசிறி அசைந்து கொடுக்கவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்துக்குக் கீழேயே வண்டி நின்றுபோனது.

"ஏன் மாமா," என்று மூச்சு வாங்கினான் மச்சான், "கல்லை இவ்வளவு தூரம் கீழ தூக்கிட்டு வர வச்சிட்டீங்களே!"

அடுத்தது பம்ப் கடை. டீசல் பம்பையும், இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரையும் தவிர உலகத்தில் வேறெதையும் மதிக்காத மனிதர் அங்கே இருந்தார்.

"காத்தை மட்டும் ஊதினா வயிறு நிறையுமா? தீனி வேணாமா தீனி? பெரிய இன்ஜெக்டரா மாட்டு. டீசல் கொட்டணும், கொட்டி ஊத்தணும்!"

கொட்டியது. காற்று வருவதற்கு முன்பே டீசல் வந்து, பாதி எரிந்தும் எரியாமலும் கரும்புகையாக வெளியேறியது. வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து ஒரு மிதி மிதித்தான். கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் மறைந்தன. கொடியே மறைந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை கறுப்புப் பூனையாக வீடு திரும்ப, அந்த வீட்டம்மா அதை யாரோ என்று துரத்திவிட்டாள்.

"துவைக்கிறது நான்!" என்று மனைவி கத்துவது கேட்டது. ஆள் தெரியவில்லை.

பிறகு, லேப்டாப்பை வைத்தே இஞ்சினை டியூன் செய்கிற தம்பி ஒருவன் வந்தான். வண்டிக்குக் கீழே குனியவே இல்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகிவிட்டு மடியில் இருந்த லேப்டாப்பைத் தட்டினான்.

"எல்லாம் டியூனிங்லதான் அண்ணா இருக்கு. ஏத்தி விட்டிருக்கேன். இப்ப மிதிங்க."

மிதித்தான். ஒன்றுமில்லை. இன்னும் மிதித்தான். ஒன்றுமில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில் வந்தது. யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. அவன் பிரேக்கைத் தேடிப் பிடித்தபோது தெருமுனையில் இருந்தான். வீட்டுக் கேட்டும் பம்பரில் தொங்கியபடி கூடவே வந்திருந்தது.

"சக்தி வந்திருச்சுல்ல அண்ணா?" என்று தூரத்தில் இருந்து கேட்டான் தம்பி.

மனைவி கேட் இருந்த இடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒருத்தர் காத்து ஊதுறாரு. ஒருத்தர் டீசல் ஊத்துறாரு. ஒருத்தன் பொட்டியைத் தட்டுறான். ஏங்க, இந்த மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்திருக்காங்களா?"

பார்த்ததில்லை. அவனுக்கும் அது தோன்றியதே இல்லை.

தளம் போடுவதற்கு முந்தின நாள் மூன்று பேரையும் ஆளுக்கொரு பொய் சொல்லித் தன் ஷெட்டுக்கு வரவழைத்தான். மனைவி வாசலில் பழைய டயரைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வேலை முடியாம யாரும் வெளிய போக முடியாது. நான் எந்திரிச்சாத்தான் வழி."

முதலில் ஆளுக்கு ஆள் எகிறினார்கள்.

"என் டர்போவைக் குறை சொல்றவன் எவன்டா?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"ஐயா, மேட்டுல இஞ்சின் மெதுவாத்தான் சுத்தும். அப்பவே ஊத ஆரம்பிக்கிற டர்போ வேணும். உங்களுது ஊத ஆரம்பிக்கிறப்ப வண்டி நின்னு போயிருக்கு," என்றான் தம்பி.

"நல்லா கேளு!" என்று சிரித்தார் பம்ப் கடைக்காரர்.

"நீங்க சிரிக்காதீங்க. உங்க இன்ஜெக்டருக்கு ஒரு கப்பலே ஓடும்."

"இவன் மட்டும் யோக்கியமாக்கும்! கேட்டைப் பேத்தவன்தானே!"

சண்டை ஓய்ந்த இடத்தில் வேலை ஆரம்பித்தது. லாரி டர்போவுக்கும் பழைய டர்போவுக்கும் நடுவில் ஒன்றை இரும்புக்கடைக்காரர் தன் வண்டிக்குள்ளிருந்து முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தார். பம்ப் கடைக்காரர் அந்தக் காற்றுக்குத் தக்க இன்ஜெக்டரைப் பொறுக்கினார். காற்று ஏறுகிற அளவுக்குத்தான் டீசல் என்று தம்பி கணக்கு வைத்தான். ஒவ்வொரு தடவை மாற்றியதும் மனைவி எழுந்து போய், புகைக்குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்தாள்.

"கறுப்பு. மறுபடி."

மறுபடி செய்தார்கள்.

"சாம்பல் கலர். மறுபடி."

"அம்மா, இதுக்கு மேல..."

"மறுபடி."

வெயில் சாய்வதற்குள் துண்டு வெள்ளையாகவே திரும்பி வந்தது. மூன்று பேரும் அந்தத் துண்டை மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள். இரும்புக்கடைக்காரர் அதில் முகத்தையே துடைத்துக்கொண்டார். முகத்தில் இருந்த கரியால்தான் துண்டு கறுத்தது.

மறுநாள் தளம். தொட்டியின் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு பிக்கப்காரன் மேட்டின் அடிவாரத்துக்கு வந்தான். வழிவிட்டு நின்ற மச்சான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"மாமா, கல்லை எடுத்து வண்டியிலயே வச்சிருக்கேன். நீங்க எங்க நின்னாலும் தோதா இருக்கும்."

பிக்கப்காரன் முதல் கியரைப் போட்டான். மிதித்தான்.

டர்போ உடனே பாட ஆரம்பித்தது. இழுவை முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் வந்தது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் பின்னால் போய் மோத, எங்கோ 'டக்'கென்று ஒரு சத்தம். புதுப் பலத்துக்கு வண்டி நெட்டி முறிக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. போயும் விட்டது. அவன் வாய்விட்டுக் கத்தினான். முதல் கியரில் திணறிய மேட்டில் இரண்டாம் கியர் போட்டான். வண்டி சளைக்கவில்லை. ஏற ஏற அதன் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. முக்கால் மேட்டில் மூன்றாம் கியர்! அந்த மேட்டில் மூன்றாம் கியர் போட்டேன் என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பின்னால் மச்சான் விடாமல் ஹாரன் அடித்தான், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். வயிறு எரியட்டும் என்று பிக்கப்காரன் வெளியே கையை நீட்டி ராஜா மாதிரி ஆட்டினான். வழியில் புது ரோட்டுக்குக் கொட்டிய சரளையின் மேல் ரோலர் ஒன்று சும்மா நின்றது. அதை ஓட்டுபவர் இருக்கையில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பிக்கப்காரனுக்குக் கண் கலங்கியது. முன்பின் தெரியாதவர்கூட மதிக்கிறாரே!

உச்சியில் கொத்தனார்களும் சித்தாள்களும் மம்மட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். வண்டி நின்றதும் சூப்பர்வைசர் பானெட்டில் ஓங்கித் தட்டினார்.

"இது வண்டி! புகையே இல்ல! இனிமே இந்த மேட்டுக்கு நீதான்பா. வேற எவனும் வேணாம்."

பிக்கப்காரன் இறங்கிச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மனைவிக்குப் போன் போட்டான். "ஏறிட்டேன்! மூணாம் கியருல! உங்க அப்பாகிட்ட சொல்லு, பையன் மேல வந்துட்டான்னு!"

அப்போது மச்சானின் வண்டி மூச்சிரைக்க வந்து நின்றது. அதிலிருந்து குதித்த ரோலர் ஓட்டுபவர் ஓடி வந்து பிக்கப்காரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எங்க தண்ணி வண்டி இந்த மேடு ஏறாம ரோலரை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன், நீங்க பின் குழாயைத் தொறந்து விட்டு, அடியில இருந்து நுனி வரைக்கும் ரோட்டை ஒரே சீரா நனைச்சு, தொட்டியில சொட்டு மிச்சமில்லாம ஊத்திட்டு வந்துட்டீங்களே, நாளையில இருந்து எங்க ரோட்டு வேலைக்கும் நீங்கதாண்ணே வரணும்!"